கேட்பவரும் கேட்காதவரும்

ஜொகூர் பாருவிற்குக் கிழக்கே, பாசீர் கூடாங் செல்லும் வழியில் அமைந்துள்ள ஊர் மாசாய். ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்திருந்த இப்பகுதி, 1977ஆம் ஆண்டில் பாசீர் கூடாங்கில் ஜொகூர் துறைமுகம் செயல்படத் தொடங்கிய பின்னர்த் தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த நகரமாக வளர்ந்தது. விடியற்காலையில் இவ்வூர்ச் சாலையோரம் நின்று பார்த்தால் இரண்டு ஓட்டங்களைக் காணலாம். முதலில் மோட்டார் சைக்கிள்கள் மேற்கு நோக்கி விரையும். அவை பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குச் செல்பவை. சற்று நேரம் கழித்துத் தொழிற்சாலைப் பேருந்துகள் கிழக்கே பாசீர் கூடாங்கை நோக்கிப் புறப்படும். வேலை தேடும் மாசாய் இளைஞர் ஒருவர் இவ்விரண்டில் எந்தத் திசையில் செல்வது என்று முடிவு செய்தாக வேண்டும்.

அந்த இளைஞரை வேலைக்கு எடுக்க நினைக்கும் உள்ளூர் முதலாளிகளிடம் ஒரு குறை அடிக்கடி கேட்கும். “இந்தக் காலத்துப் பிள்ளைகள் நாற்காலியில் உட்காரும் முன்பே சம்பளம் கேட்கிறார்கள். சனிக்கிழமை விடுமுறை வேண்டும் என்கிறார்கள். வேலையைப் பற்றி நாம் கேட்பதைவிட நம்மைப் பற்றி அவர்கள் கேட்பதுதான் அதிகம்” என்பதே அது. நேர்முகத் தேர்வில் நிறையக் கேட்கும் விண்ணப்பதாரரை எப்படி எதிர்கொள்வது என்பது மாசாயில் அன்றாடச் சிக்கலாகும்.

இதற்கு ஊரின் இருப்பிடமே முதற்காரணம். சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் பாலம் 1924இல் திறக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டு வரை இரு நாட்டு நாணயங்களும் ஒன்றுக்கு ஒன்று என்ற மதிப்பில் மாற்றிக்கொள்ளப்பட்டன. அன்று பாலத்தைக் கடந்து சென்று வேலை செய்வதால் நாணய மாற்றில் இலாபம் ஏதும் இல்லை. இன்றோ ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கிடைக்கிறது. எனவே, மாசாயில் நேர்முகத் தேர்வுக்கு வரும் இளைஞரின் மனத்தில் இரண்டு சம்பளங்கள் ஓடிக்கொண்டிருக்கும். முதலாளி ஒன்றைச் சொல்லும்போது அவர் மற்றொன்றைக் கணக்குப் போடுகிறார். இதைப் பேராசை என்று சொல்வது எளிது. ஆனால், கண்முன்னே இருக்கும் வாய்ப்பை ஒப்பிட்டுப் பார்க்காதே என்று யாரிடமும் சொல்ல முடியாது.

மற்றொரு காரணம் வரலாற்றில் இருக்கிறது. தோட்டத்திற்கு ஆள் சேர்த்த காலத்தில் ‘விண்ணப்பதாரர்’ என்ற சொல்லுக்கே இடமில்லை. கங்காணி தம் சொந்த ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தார். சம்பளம் எவ்வளவு, வேலை எத்தனை மணி நேரம் என்பவற்றைத் துரையும் கிராணியும் முடிவு செய்தனர். 1938இல் இந்திய அரசு உதவிப் பயணத்தில் தொழிலாளர் அனுப்பப்படுவதைத் தடை செய்தபோது இம்முறை முடிவுக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1941இல், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய கோரிக்கைகளில் ஊதிய உயர்வும் இருந்தது. துரைமார் முன்னிலையில் சைக்கிளிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையும் இருந்தது. ஆங்கில ஆட்சி படையை அனுப்பி அவ்வேலைநிறுத்தத்தை அடக்கியது. “வாயைத் திறக்காதே, கொடுத்ததை வாங்கிக்கொள்” என்று சில பாட்டிமார் இன்றும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவதன் வேர் அக்காலத்தில் இருக்கிறது. கேட்பது பழகாத ஒரு சமூகத்தில், கேட்பவர் திமிர் பிடித்தவராகத் தோன்றுவது வியப்பன்று.

இச்சிக்கலை ஒரு கற்பனைச் சூழலின்வழி காண்போம். பாசீர் கூடாங் தொழிற்பேட்டையில் கப்பல் குழாய்களைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று உள்ளது என்று வைத்துக்கொள்வோம். பதினான்கு பேர் வேலை செய்கின்றனர். முதலாளி தம் இளமையில் பற்றவைப்புத் தொழிலாளியாக இருந்தவர். அலுவலகத்தை மாசாயைச் சேர்ந்த பெண் நிர்வாகி ஒருவர் கவனிக்கிறார். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களைப் பற்றவைக்க ஆள் தேவை என்று அறிவித்து இரண்டு மாதங்களாகியும் தகுந்தவர் கிடைக்கவில்லை. அந்நிலையில்தான் இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் வருகிறார். மலேசியத் திறன் சான்றிதழ் பெற்றவர். இரண்டு ஆண்டுகள் சிங்கப்பூரில் வேலை செய்தவர்.

நிர்வாகி அவரை முதலில் பட்டறைக்குள் அழைத்துச் சென்று ஒரு குழாயைப் பற்றவைக்கச் சொன்னார். முதலாளி அந்த இணைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கை நல்ல கை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சம்பளப் பேச்சுக்கு முன்பே திறமையைப் பார்த்துவிடுவது நல்லது. திறமை தெரியாமல் பேரம் பேசினால், பேச்சுத் திறன் உள்ளவருக்குத்தான் அதிகச் சம்பளம் போகும்.

அலுவலகத்தில் அமர்ந்ததும் இளைஞர் தம் கைப்பேசியில் எழுதி வைத்திருந்த பட்டியலை வாசித்தார்.

“மேடம், எனக்குச் சம்பளம் 3,800 ரிங்கிட் வேண்டும். சேமநிதி பிடிக்காமல் முழுப் பணமாகக் கொடுத்தால் நல்லது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் நான்கு மணிக்குப் போய்விடுவேன். சனிக்கிழமை வர முடியாது. புகையிழுக்கும் கருவியும் நல்ல முகக்கவசமும் இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் என்ற பதவிப் பெயர் வேண்டும். நாளைக்குள் பதில் சொல்லிவிடுங்கள்.”

ஒரே மூச்சில் ஏழு கோரிக்கைகள். கோபப்பட்டு, “நீங்கள் சிங்கப்பூருக்கே போகலாம்” என்று சொல்லி அனுப்பும் அலுவலகங்கள் உண்டு. ஆள் கிடைக்காத பதற்றத்தில், “எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சேருங்கள்” என்று சொல்லும் அலுவலகங்களும் உண்டு. இரண்டாவது வழிதான் அதிகக் கேடு விளைவிக்கும். அந்தப் ‘பிறகு’ வராதபோது, ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் தொழிலாளியிடம் தங்கிவிடும்.

நிர்வாகி ஏழையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு, ஒவ்வொன்றையும் சுட்டி, “இது எதற்காகத் தம்பி?” என்று கேட்டார். இந்த ஒரு கேள்வியில் பட்டியலின் தோற்றமே மாறிவிட்டது. இளைஞரின் தாயாருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது. வாரத்திற்கு மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை. அவரை மாலையில் வீட்டுக்கு அழைத்து வர வேறு ஆள் இல்லை. சிங்கப்பூர் வேலையை விட்டதும் அதனால்தான். சனிக்கிழமை வேண்டாம் என்றது எதற்காக என்று கேட்டபோது, சற்றுத் தயங்கி, “காற்பந்து மேடம்” என்றார்.

முகக்கவசத்தைப் பற்றிக் கேட்டதற்கு அவர் 2019ஆம் ஆண்டை நினைவுபடுத்தினார். அவ்வாண்டு மார்ச்சில் பாசீர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு, காற்றில் கலந்த நச்சுவாயுவால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அம்மாவட்டத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அப்போது பள்ளி மாணவராக இருந்த அவர், மூச்சுவிட முடியாமல் தோழர்கள் மயங்கியதைக் கண்டவர். அப்படிப்பட்டவர் புகையைப் பற்றிக் கேட்பதை அதிகப்படியான எதிர்பார்ப்பு என்று எப்படிச் சொல்வது?

உண்மையில், பாதுகாப்பு என்பது பேரம் பேச வேண்டிய பொருளே அன்று. 1994ஆம் ஆண்டு தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பாதுகாப்பான பணியிடத்தை அமைக்கும் கடமையை முதலாளியிடம் ஒப்படைக்கிறது. சட்டப்படி வழங்க வேண்டிய பாதுகாப்புச் சாதனத்திற்காகத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கவும் கூடாது. 2024ஆம் ஆண்டு ஜூன் முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும் இடத்திலிருந்து விலகிச் செல்லும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு. இவ்வாறே, 2023 ஜனவரியிலிருந்து வாராந்தர வேலைநேரம் 45 மணிக்கு மேற்படக் கூடாது. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவருக்குச் சாதாரண நாளின் மிகைநேரப் பணிக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். விண்ணப்பதாரர் இவற்றைக் கேட்டால், அவர் சட்டத்தை வாசித்திருக்கிறார் என்றே பொருள். ‘கேட்டதைக் கொடுத்தோம்’ என்று முதலாளி பெருமைப்படவும் இதில் இடமில்லை.

சேமநிதிக் கோரிக்கை இதற்கு நேர்மாறானது. அதை நிர்வாகி உடனே மறுத்தார். சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியருக்கு, அங்கு நிரந்தரவாசத் தகுதி இல்லையென்றால், அந்நாட்டு மத்திய சேமநிதிப் பிடித்தம் கிடையாது. அந்தப் பழக்கத்தில், இங்குப் பிடிக்கப்படும் 11 விழுக்காடு இளைஞருக்கு இழப்பாகத் தெரிந்தது. நிர்வாகி கணக்குப் போட்டுக் காட்டினார். 2,800 ரிங்கிட் சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 308 ரிங்கிட். முதலாளி தம் பணத்திலிருந்து 13 விழுக்காடு, அதாவது 364 ரிங்கிட் சேர்ப்பார். மாதந்தோறும் 672 ரிங்கிட் அவர் பெயரில் சேரும்.

“பிடிக்காமல் விட்டால் உங்களுக்கு 308 கையில் வரும், 364 கைவிட்டுப் போகும். அதோடு, நாங்கள் இருவருமே சட்டத்தை மீறியவர்களாவோம். யார் கேட்டாலும் இதை நாங்கள் செய்வதில்லை” என்றார்.

இளைஞர் வாதாடவில்லை. அவருக்கு இந்தக் கணக்கை யாரும் முன்னர்ச் சொன்னதில்லை. கடுமையாகக் கேட்பதுபோல் தோன்றும் கோரிக்கைகள் சில, விவரம் தெரியாததால் எழுபவை.

எஞ்சியவை நான்கு மணிக்குப் புறப்படுவது, சனிக்கிழமை, பதவிப் பெயர், சம்பளம் ஆகியவை. இவற்றில் முதலாவது எளிதாகத் தீர்ந்தது. பட்டறை காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை இயங்கும். குறிப்பிட்ட மூன்று நாள்களில் ஏழு மணிக்கு வந்தால் நான்கு மணிக்கு எட்டு மணி நேர வேலை முடிந்துவிடும். வேலையில் சேர்ந்த பின் நெகிழ்வான வேலைநேரம் கேட்டு எழுத்துவழி விண்ணப்பிக்க 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் திருத்தமே இப்போது வழிவகை செய்கிறது. முதலாளி 60 நாள்களுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இங்கு அவ்வளவு நாள் தேவைப்படவில்லை.

சனிக்கிழமை அரைநாள் வேலை என்பது பதினான்கு பேருக்கும் பொது. ஒருவருக்கு விலக்களித்தால் அவருடைய வேலை மற்றவர் தோளில் விழும். தாயாருக்காகக் கேட்டதையும் காற்பந்துக்காகக் கேட்டதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதை இளைஞரும் உணர்ந்திருந்தார். “போட்டி மாலையில்தான் மேடம், சமாளித்துக்கொள்கிறேன்” என்றார். மேற்பார்வையாளர் பதவிக்கு, “உங்களுக்குக் கீழே ஆள் இல்லாதபோது அந்தப் பெயருக்குப் பொருள் இல்லை. ஓர் ஆண்டு கழித்துப் பேசலாம் என்றும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்” என்பதே பதில். மறுப்பு இப்படித் தெளிவாக இருந்தால்தான் கேட்டவர் தம் முடிவை எடுக்க முடியும்.

இனிச் சம்பளம். நேர்முகத் தேர்வுக்கு முன்பே முதலாளியும் நிர்வாகியும் 2,500 முதல் 2,900 ரிங்கிட் வரை என எல்லை வகுத்திருந்தனர். அதை நிர்வாகி மறைக்கவில்லை. “எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுத் தம் எல்லையைச் சொல்லாமல் இருக்கும் வழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. விண்ணப்பதாரர் தெரியாமல் குறைத்துக் கேட்டால் அவருக்கு நட்டம். கூட்டிக் கேட்டால் அவருக்குப் ‘பேராசைக்காரர்’ என்ற பெயர். அது நேர்மையான கேள்வி அன்று.

அந்த எல்லைக்கும் 3,800 ரிங்கிட்டுக்கும் பெரிய இடைவெளி. நிர்வாகி சிங்கப்பூர்ச் சம்பளத்தை இழித்துப் பேசவில்லை. பயணத்தைப் பற்றி மட்டும் கேட்டார். போகவர நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் என்றார் இளைஞர். மாதத்திற்கு 22 நாள் என்றால் 88 மணி நேரம். ஏறக்குறைய இரண்டு வார வேலைநேரம் மோட்டார் சைக்கிளிலும் குடிநுழைவு வரிசையிலும் கழிந்திருக்கிறது. ஆயினும், அந்த 88 மணி நேரத்திற்கு என்ன விலை என்பதை அவர்தாம் முடிவு செய்ய வேண்டும். முதலாளி அதை அவருக்காக மதிப்பிட்டுச் சொல்வது முறையன்று.

“பதிலை நாளைக்குச் சொல்ல முடியாது. புதன்கிழமை மாலை எழுத்தில் தருகிறேன்” என்று சொல்லி நிர்வாகி அவரை அனுப்பிவைத்தார். வேண்டிய ஆளை மூன்று நாள் காக்க வைப்பது ஆபத்துதான். ஆனால், அவருக்கு ஒரு வேலை மீதமிருந்தது.

அவர் சம்பளப் பேரேட்டைத் திறந்தார். பட்டறையில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்யும் ஒரு பற்றவைப்பாளர் 2,600 ரிங்கிட் வாங்குகிறார். மேலும் இருவர் அதே நிலையில் இருக்கின்றனர். மூவரும் ஒருநாளும் சம்பள உயர்வு கேட்டதில்லை. புதியவருக்கு 2,800 ரிங்கிட் கொடுத்தால், கேட்டவருக்குக் கிடைத்தது, உழைத்தவருக்குக் கிடைக்கவில்லை என்றாகிவிடும். நிறையக் கேட்பவரை எதிர்கொள்வதில் மிகக் கடினமான பகுதி இதுதான். அது நேர்முக அறையில் நிகழ்வதில்லை. அவர் எழுந்து சென்ற பிறகே தொடங்குகிறது.

நிர்வாகி முதலாளியிடம் இரண்டு யோசனைகளை முன்வைத்தார். புதியவருக்கு அடிப்படைச் சம்பளம் 2,500 ரிங்கிட். எஃகுக் குழாய்ப் பற்றவைப்புத் தேர்வில் வெற்றி பெறும் யாருக்கும், பழையவர் புதியவர் என்ற வேறுபாடின்றி, 300 ரிங்கிட் திறன் படி. இது முதல் யோசனை. பழைய தொழிலாளர் மூவருக்கும் மாதம் 200 ரிங்கிட் உயர்வு என்பது இரண்டாவது.

முதலாவதை முதலாளி உடனே ஏற்றுக்கொண்டார். இரண்டாவதற்கு, “அவர்கள் கேட்கவே இல்லையே அம்மா!” என்றார்.

“அவர்கள் கேட்கவில்லை சார். ஆனால், நான்கு பேரும் ஒரே கடையில்தான் பசியாறுவார்கள். ஒரு மாதத்தில் யாருக்கு எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஆறு வருடத்திற்கு நாம் கொடுத்திருக்கும் மதிப்பு நூறு வெள்ளிதான் என்று அண்ணனுக்குத் தெரிந்தால், அப்போதும் அவர் கேட்க மாட்டார். சொல்லாமல் போய்விடுவார்.”

முதலாளி கணக்கைக் கேட்டார். மூவருக்கும் ஓராண்டுக்கு 7,200 ரிங்கிட். முதலாளியின் சேமநிதிப் பங்கு 936 ரிங்கிட். மொத்தம் 8,136 ரிங்கிட். சிறிய பட்டறைக்கு அது சிறிய தொகையன்று. திருவள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என்று ஆள் தேர்வுக்கே இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். ஆனால், தேர்ந்தெடுப்பவர் கணக்குப் பேரேட்டையும் பார்த்தாக வேண்டியிருக்கிறது. இரண்டு நாள் யோசித்த முதலாளி, மூத்தவருக்கு 200 ரிங்கிட் உயர்வை உடனே கொடுக்கவும், மற்ற இருவருக்கு இப்போது 100, ஆறு மாதம் கழித்து 100 என்று கொடுக்கவும் ஒப்புக்கொண்டார். அதையும் எழுத்தில் தர வேண்டும் என்று நிர்வாகி கேட்டு வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை மாலை வேலை வாய்ப்புக் கடிதம் இளைஞருக்குச் சென்றது. அடிப்படைச் சம்பளம், திறன் படி, சேமநிதி, மூன்று நாள் வேலைநேர மாற்றம், ஆண்டு விடுப்பு, வேலையை விட்டு விலகுவதற்கான முன்னறிவிப்புக் காலம் ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. மறுக்கப்பட்டவையும் காரணத்தோடு இருந்தன. வெள்ளிக்கிழமை வரை அவகாசம் தரப்பட்டது. வராவிட்டால் அடுத்த விண்ணப்பதாரரை அழைப்பது என்று நிர்வாகி முடிவு செய்திருந்தார். அவருடைய பெயரும் கோப்பில் தயாராக இருந்தது.

வியாழக்கிழமை பதிலேதும் வரவில்லை. அன்று மதியம் மூத்த பற்றவைப்பாளர் தம் கடிதத்தை வாங்கி இரண்டு முறை வாசித்தார். “நான் ஒன்றும் கேட்கவில்லையே, மேடம்?” என்றார். “தெரியும் அண்ணா” என்றார் நிர்வாகி. அவர் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்தத் திறன் தேர்வு எப்போது நடக்கும் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இளைஞரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. திங்கட்கிழமை ஏழு மணிக்கு வந்துவிடுவதாகவும், முகக்கவசம் நடுத்தர அளவில் வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது.